சுருட்டுப் பெட்டியில் சேர்ந்த பணம்

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் செனட்டராக இருந்த பாப் டோலின் பழைய படங்களை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். தேர்தல் மேடையோ, செனட் மண்டபமோ, வெள்ளை மாளிகைத் தோட்டமோ, எங்கே நின்றாலும் அவருடைய வலது கைக்குள் ஒரு பேனா இருக்கும். அந்தக் கையால் அவருக்கு எழுத வராது. எதையாவது இறுகப் பிடித்திருந்தால்தான் விரல்கள் தாமாக விரிந்து கோணாமல் இருக்கும். எதிரே வருபவர்களும் பழக்கதோஷத்தில் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட மாட்டார்கள். பேனா அதற்காகத்தான். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அரசியலில் இருந்த மனிதர், வாக்காளர்களுக்கெல்லாம் இடது கையை நீட்டியே வணக்கம் சொன்னார். காலையில் சட்டைப் பொத்தான்களைப் போட ஒரு சிறு கொக்கியைப் பயன்படுத்தினார்.

அமெரிக்கப் பழமைவாதி என்றால் இன்றைக்கு நம்மில் பலருக்கும் தொலைக்காட்சியில் கத்துகிற ஒரு முகம்தான் நினைவுக்கு வருகிறது. கடந்த பத்தாண்டுகளில் அரசியலைக் கவனிக்கத் தொடங்கியவர்களுக்கு வேறொரு முகம் தெரிய வாய்ப்பும் இல்லை. டோலைப் பற்றி நான் எழுத நினைத்ததற்கு அதுதான் காரணம். அவருடைய கட்சி என் கட்சியாக இருந்திருக்காது. அவர் அளித்த பல வாக்குகளை நான் அளித்திருக்க மாட்டேன். ஆனாலும், அரசாங்கம் எவ்வளவு செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியைத் தன் உடம்பிலேயே சுமந்து திரிந்த அரசியல்வாதி அவரைப் போல இன்னொருவரை நான் படித்ததில்லை.

கான்சஸ் மாநிலத்தின் நடுவே கோதுமை வயல்களும் எண்ணெய்க் கிணறுகளும் சூழ்ந்த சிற்றூர் ரஸ்ஸல். 1923 ஜூலை 22 அன்று டோல் பிறந்தது அங்கேதான். தந்தை முட்டையும் பாலாடையும் கொள்முதல் செய்யும் நிலையம் நடத்தினார். பிறகு தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். தாய் ஊர் ஊராகப் போய்த் தையல் இயந்திரம் விற்றார். 1930களில் பொருளாதார வீழ்ச்சியும் புழுதிப் புயலும் சேர்ந்து கான்சஸை நசுக்கிய காலத்தில், எண்ணெய் வயல்களுக்கு வந்த தொழிலாளர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டோல் குடும்பம் மொத்தமும் அடித்தள அறைக்குக் குடிபெயர்ந்தது. பையன் டாசன் மருந்துக் கடையின் சோடா கவுன்டரில் வேலை செய்தான். உயரமானவன், நல்ல ஓட்டக்காரன், கூடைப்பந்து ஆடுபவன். மருத்துவராகும் கனவோடு கான்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். போர் வந்தது.

1945 ஏப்ரல் 14. வட இத்தாலியில் காஸ்தெல் தாயானோ என்ற ஊருக்கு அருகே ஒரு குன்று. 10ஆவது மலைப்படைப் பிரிவில் இரண்டாம் லெப்டினன்டாக இருந்த டோல், அடிபட்டு விழுந்த தன் வானொலிக்காரரை இழுத்துவரப் போனபோது குண்டு தாக்கியது. வலது தோள் சிதறியது, முதுகெலும்பும் அடிபட்டது. வலியைப் போக்கும் மார்ஃபின் மருந்தைச் செலுத்திவிட்டார்கள் என்பது அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும், இரண்டாம் முறை செலுத்தினால் உயிர் போய்விடும் என்பதால், அவருடைய நெற்றியிலேயே அவருடைய ரத்தத்தால் ஓர் எழுத்தை எழுதிவிட்டுப் போனார்கள். இத்தாலியில் போர் முடிய மூன்று வாரம்கூட இல்லை.

அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனை வாழ்க்கை. சிறுநீரகம் ஒன்று போனது. கிருமித் தொற்று உயிரைக் குடிக்கப் பார்த்தது. அப்போது சோதனை நிலையில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துதான் காப்பாற்றியது. 194 பவுண்டு எடை இருந்தவர் 122 பவுண்டுக்கு இறங்கினார். தாய் பக்கத்திலேயே இருந்து ஊட்டிவிட்டார்.

சிகாகோவில் ஹாம்பர் கெலிகியன் என்ற எலும்பு அறுவை மருத்துவர் இருந்தார். ஆர்மீனியர், படுகொலைகளுக்குத் தப்பி இளம் வயதில் கையில் காசில்லாமல் அமெரிக்கா வந்தவர். டோலுக்குப் பலமுறை அறுவை செய்தும் அவர் கட்டணம் வாங்கவில்லை. பழைய உடம்பு திரும்பி வராது, மிச்சம் இருப்பதை வைத்து வாழக் கற்றுக்கொள் என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவர்தான். மருத்துவமனைச் செலவு இருந்ததே, அதற்கு ரஸ்ஸல் ஊரே கைகொடுத்தது. டோல் வேலை பார்த்த அதே மருந்துக் கடையின் கவுன்டரில் ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்தார்கள். கடைக்கு வந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டார்கள். பொருளாதார வீழ்ச்சியிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த ஊரில் 1,800 டாலர் சேர்ந்தது. அந்தப் பெட்டியை டோல் கடைசிவரை தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் நகரத்து ராணுவ மருத்துவமனையில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். ஹவாயைச் சேர்ந்த ஜப்பானிய வம்சாவளி வீரர் டேனியல் இனோயே. டோல் அடிபட்ட ஒரு வாரத்துக்குள் அதே இத்தாலியில் வலது கையை இழந்தவர். இனி என்ன செய்யப்போகிறாய் என்று இனோயே கேட்க, சட்டம் படித்து, மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய், அங்கிருந்து வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போகப்போகிறேன் என்று டோல் சொன்னாராம். நல்ல திட்டமாக இருக்கிறதே என்று இனோயே அதையே எடுத்துக்கொண்டார். 1959இல் அவர் முதலில் போய்ச் சேர்ந்து, நான் வந்துவிட்டேன், நீ எங்கே என்று டோலைக் கேட்டார். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. செனட்டில் பல்லாண்டு எதிரெதிர் வரிசையில் அமர்ந்த பிறகும் அந்த நட்பு குலையவில்லை.

இடது கையால் எழுதப் பழகிக்கொண்டே, முதல் மனைவி ஃபிலிஸ் துணையோடு டோல் சட்டம் படித்தார். படிப்பு முடியும் முன்பே, 1950இல், கான்சஸ் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவருடைய பெற்றோர் ஜனநாயகக் கட்சி அனுதாபிகள். அந்த வட்டாரத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் போனதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1953 முதல் எட்டாண்டுகள் ரஸ்ஸல் கவுண்டியின் அரசு வழக்கறிஞர். வறியோருக்கான உதவித்தொகைத் தாள்களில் கையெழுத்திடுவது அந்தப் பதவியின் வேலைகளில் ஒன்று. மாதாமாதம் வந்த அந்தத் தாள்களில் அவருடைய சொந்தத் தாத்தா பாட்டியின் பெயர்களும் இருந்தன.

அவருடைய அரசியல் முழுவதையும் அந்தச் சுருட்டுப் பெட்டிக்கும் இந்தக் கையெழுத்துக்கும் நடுவே வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். ஊர் தானாக முன்வந்து கொடுத்த பணம் அவரை எழுப்பி நிறுத்தியது. அண்டை அயலாரும் குடும்பமும் தேவாலயமும் செய்ய வேண்டியதை வாஷிங்டன் செய்யத் தேவையில்லை என்ற பழமைவாத நம்பிக்கை அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. அதே சமயம், ஊரின் பெட்டி எல்லோருக்கும் நிறையாது என்பதும், உழைத்துக் களைத்த கிழவர்களுக்கு அரசுப் பணம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதும் சொந்த வீட்டிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. முதலாவது உண்மையைப் பேசும் பழமைவாதிகள் எத்தனையோ பேர். இரண்டாவதையும் மறக்காமல் இருந்ததில்தான் அவர் தனித்து நிற்கிறார். எப்போதும் மறக்காமல் இருந்தார் என்றும் சொல்ல மாட்டேன்.

1961இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1964 குடிமை உரிமைச் சட்டத்துக்கும் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கும் ஆதரவாக வாக்களித்தார். முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை அதே 1965இல் எதிர்த்தார். தன் தாத்தா பாட்டி யாரென்று தெரிந்த மனிதர் இப்படி வாக்களித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு சம்பவமும் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது. 1965இலும் 1966இலும் இந்தியாவில் மழை பொய்த்தது. பீகார் பஞ்சத்தின் விளிம்புக்குப் போனது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடே காத்திருந்தது. அதிபர் ஜான்சன் ஒவ்வொரு கப்பலையும் கையில் பிடித்துவைத்துக்கொண்டு அனுப்பிய நேரம் அது. இந்தியாவின் உணவு நிலையை நேரில் பார்த்துவர 1966 கடைசியில் அவர் அனுப்பிய நாடாளுமன்றக் குழுவில் டோலும் இருந்தார். கான்சஸ் விவசாயிக்குக் கோதுமை விற்க வேண்டும். பசித்தவனுக்குக் கோதுமை வேண்டும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் உணவு உதவிக்காக அவர் செய்ததற்கெல்லாம் இந்தக் கணக்குதான் அடித்தளம். விவசாயியின் லாபம் அதில் கலந்திருந்தது என்பதால் அந்த உதவியின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

1968இல் செனட்டராகத் தேர்வானார். புதிய செனட்டரின் கன்னிப் பேச்சுக்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் 1969 ஏப்ரல் 14, அதாவது குண்டடிபட்ட அதே தேதி. பேசிய பொருள் மாற்றுத்திறனாளிகளின் நிலை. அதைப் பற்றி அன்றைக்கு வாஷிங்டனில் பேச ஆளே கிடையாது.

அடுத்து வந்த ஆண்டுகள் அவருடைய வாழ்க்கையில் நல்ல பகுதி அல்ல. அதிபர் நிக்சனின் காவலராகக் கட்சியின் தேசியத் தலைவர் பதவியில் 1971 முதல் 1973 வரை இருந்தார். எதிராளியை வெட்டிப் பேசுபவர் என்று பெயரெடுத்தார். 1974இல், நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழல் புயலில் அவருடைய இடமே ஆட்டம் கண்டது. எதிர்த்து நின்ற பில் ராய் ஒரு மகப்பேறு மருத்துவர். விவாத மேடையில் டோல் கருக்கலைப்பை எடுத்து அவர் மேல் வீசினார்; கடைசி நாட்களில் ராய்க்கு எதிரான துண்டறிக்கைகள் ஊரெங்கும் பறந்தன. சொற்ப வித்தியாசத்தில் டோல் வென்றார். அமெரிக்கத் தேர்தல்களில் கருக்கலைப்பு ஓர் ஆயுதமாக மாறிய தொடக்கக் களங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆயுதம் பின்னாளில் அந்த நாட்டை என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்ததே. இதில் டோலின் பங்கை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

1976இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் துணை அதிபர் வேட்பாளர். முதல் கூட்டம் ரஸ்ஸலில், நீதிமன்றத் திடலில் நடந்தது. நான் கஷ்டப்பட்டபோது நீங்கள்தான் உதவினீர்கள் என்று ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியவர் மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார். ஃபோர்ட் எழுந்து கைதட்ட, கூட்டமே கைதட்டியது. சில வாரங்கள் கழித்து, எதிர்க்கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் வால்டர் மாண்டேலுடன் நடந்த விவாதத்தில் அதே மனிதர், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கா நடத்திய போர்களெல்லாம் ஜனநாயகக் கட்சியின் போர்கள் என்றார். அவற்றில் இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் சேர்த்தால் டெட்ராய்ட் நகரமே நிரம்பும் என்றார். ஹிட்லரை எதிர்த்து நடந்த போரையும் சேர்த்துத்தான் சொன்னார். பேனா பிடித்த அந்தக் கையோடு நின்று அவர் இதைச் சொன்னதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனம் கசக்கிறது. அவரையும் அந்தப் பேச்சு நெடுங்காலம் துரத்தியது.

அந்தத் தேர்தலில் ஃபோர்டும் டோலும் தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் நான் மதிக்கிற டோல் உருவாகிறார். உணவுக் கூப்பன் திட்டத்தில் ஒரு விந்தையான விதி இருந்தது. ஏழைக் குடும்பம் முதலில் கையிலிருந்து ரொக்கம் கட்ட வேண்டும். கட்டிய தொகையைவிடக் கூடுதல் மதிப்புக்குக் கூப்பன் கிடைக்கும். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மொத்தமாகக் கட்டப் பணம் இல்லாத பரம ஏழைக்கு ஒரு கூப்பன்கூடக் கிடைக்காது. 1977இல் அந்த விதியை ஒழித்த சட்டத்தைக் கொண்டுவரக் கைகோத்தவர்கள் டோலும் ஜார்ஜ் மக்கவர்னும். மக்கவர்ன் 1972இல் நிக்சனை எதிர்த்து நின்ற இடதுசாரி. அப்போது கட்சித் தலைவராக இருந்து அவரைக் கிழித்துப் பேசியவரே டோல்தான். பின்னாளில் ஏழை நாடுகளில் பள்ளி உணவுக்கு உதவும் அமெரிக்கத் திட்டம் ஒன்று இருவர் பெயரையும் தாங்கி வந்தது. 2008இல் உலக உணவுப் பரிசும் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. சத்துணவின் அருமை தெரிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1981இல் செனட் நிதிக் குழுவின் தலைவரானார். அதிபர் ரீகன் வரியை வெட்டியதும் அரசின் நிதிப் பற்றாக்குறை வீங்கியது. மறு ஆண்டே வரியில் ஒரு பகுதியைத் திரும்ப உயர்த்தும் சட்டத்தை டோல் முன்னின்று நிறைவேற்றினார். செலவழித்தால் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது சிற்றூர்க் கடைக்காரரின் பழமைவாதம். கட்சிக்குள் அப்போது வளர்ந்துவந்த இளைஞர் கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. நலவாழ்வு அரசுக்கு வரி வசூலிப்பவர் என்று அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த நியூட் கிங்ரிச் அவரை இழித்துப் பேசினார். என் பார்வையில் அந்தக் கட்சியின் பிற்கால வரலாறு அந்த ஒற்றை வசையில் தொடங்கிவிட்டது.

ஓய்வூதிய நிதியான சோஷியல் செக்யூரிட்டி 1983இல் வற்றிவிடும் நிலைக்கு வந்தது. அதற்காக அமைத்த ஆணையம் முட்டிக்கொண்டு நின்றது. ஜனவரி 3 அன்று, சிக்கலைத் தீர்க்க முடியும் என்று டோல் எழுதிய கட்டுரை நாளிதழில் வந்தது. அன்று அவையில் ஜனநாயகக் கட்சியின் மாய்னிஹன் அவரிடம் வந்து, உண்மையிலேயே அப்படி நினைக்கிறீர்களா, அப்படியானால் இன்னொரு முறை முயல்வோம் என்றார். அந்தப் பேச்சு அங்கிருந்து சூடுபிடித்தது. ஒரு பக்கம் வரி உயர்வை ஏற்றது. மறுபக்கம் ஓய்வு வயது படிப்படியாக 67க்கு உயர்வதை ஏற்றது. ஏப்ரலில் ரீகன் கையெழுத்திட்டார். கோடிக்கணக்கான முதியவர்களின் மாத வருமானம் அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது. யாரும் அதற்காக ஊர்வலம் போகவில்லை. 1982இல் வாக்குரிமைச் சட்டத்தை நீட்டிப்பதிலும் முட்டுக்கட்டையை நீக்கிய சமரசம் டோலுடையதே.

இந்த வேலைக்கு ஒரு தனித் திறமை வேண்டும். எதிராளிக்கு எது இல்லாமல் முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். தன் ஆட்களில் யார் எந்தப் புள்ளியில் கழன்றுகொள்வார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன வாக்கு நிற்க வேண்டும். செனட்டில் டோலின் வாக்கு நின்றது. 1985 முதல் 1996 வரை, கட்சி ஆளும் வரிசையில் இருந்தாலும் எதிர்வரிசையில் இருந்தாலும், செனட் குடியரசுக் கட்சியின் தலைவர் அவர்தான்.

1990இல் ஊனமுற்ற அமெரிக்கர்களுக்கான சட்டம் வந்தது. பஸ், கட்டடம், வேலை வாய்ப்பு எல்லாவற்றிலும் உடற்குறையைக் காட்டி ஒருவரை வெளியே நிறுத்தக் கூடாது என்ற சட்டம். சாய்தளம் கட்டும் செலவைச் சொல்லி வணிகர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் டோலின் கட்சிக்கு வேண்டியவர்கள். உரிமை என்றால் உரிமைதான் என்று அவர் நின்றார். அதே ஆண்டு பிப்ரவரியில், ஆர்மீனியப் படுகொலையை நினைவுகூரும் தீர்மானத்துக்காகச் செனட்டில் போராடினார். அதைப் படுகொலை என்று ஏற்காத துருக்கி, நேட்டோ ராணுவக் கூட்டணியில் அமெரிக்காவின் கூட்டாளி; வெள்ளை மாளிகையே எதிர்த்தது; தீர்மானம் தோற்றது. கெலிகியன் வாங்காத கட்டணத்துக்கு அவர் செலுத்திய கடன் அது.

அதிபர் பதவி மட்டும் கைக்கு எட்டவே இல்லை. 1980இல் முயன்று காணாமல் போனார். 1988இல் கட்சியின் வேட்பாளர் தேர்வில் அயோவா மாநிலத்தில் வென்று, நியூ ஹாம்ப்ஷயரில் அப்போதைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்று, என்னைப் பற்றிப் பொய் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று தொலைக்காட்சியில் சீறினார். 1996இல் ஒருவழியாக வேட்பாளர் ஆனபோது வயது 73. வெள்ளை மாளிகை அல்லது வீடு, வேறெங்கும் போவதற்கில்லை என்று அறிவித்துவிட்டுச் செனட்டை விட்டு விலகினார். அதிபர் கிளின்டன் 379க்கு 159 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் வென்றார். குழு அறையில் ஆளை அறிந்து பேசத் தெரிந்தவருக்கு லட்சம் பேர் முன்னால் கனவு காட்டத் தெரியவில்லை. மசோதாக்களின் பெயர்களைச் சொல்வார். தன்னையே ‘பாப் டோல்’ என்று மூன்றாம் மனிதரைப் போலக் குறிப்பிடுவார். நெருங்கிப் பேரம் பேசத் தெரிந்த ஒருவரை மேடை நடிகராக இல்லை என்பதற்காக நிராகரித்தார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவருடைய உண்மையான வீடு செனட்தான். அதை விட்டு அவர் வெளியேறியிருக்கவே கூடாது.

2016இல் டிரம்ப்பை ஆதரித்தார். குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் வேட்பாளர்களில் தேர்தல் நாள்வரை அந்த ஆதரவில் நின்றவர் அவர் ஒருவரே. கட்சி விசுவாசம் என்று அதை விளக்கலாம். நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. 2020 தேர்தலில் டிரம்ப் தோற்றார் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் 2021 டிசம்பர் 5 அன்று, 98ஆம் வயதில் அவர் இறந்தார்.

அவர் கட்சி எவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டது என்பதைக் காட்டும் நாள் அதற்கும் முந்தியது. 2012 டிசம்பர் 4. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை செனட்டுக்கு வந்தது. டோல் பாடுபட்ட 1990 சட்டத்தின் சாயலில் உலகத்துக்காக எழுதிய உடன்படிக்கை. இந்தியா 2007லேயே அதை ஏற்றது, அதன் வழியில்தான் நம் நாட்டின் 2016 சட்டம் பிறந்தது. 89 வயது டோலைச் சக்கர நாற்காலியில் வைத்து இரண்டாம் மனைவி எலிசபெத் செனட் மண்டபத்துக்குள் தள்ளிவந்தார். பழைய சகாக்கள் ஒவ்வொருவராக வந்து இடது கையைப் பற்றி நலம் விசாரித்தார்கள். பிறகு தங்கள் இடத்துக்குப் போய், அவர்களில் பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோரின் உரிமையில் ஐ.நா. தலையிடும் என்று ஒரு பயத்தை வெளியே கிளப்பிவிட்டிருந்தார்கள். உடன்படிக்கையில் அதற்கு இடமே இல்லை. ஆதரவு 61, எதிர்ப்பு 38. உடன்படிக்கையை ஏற்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து வாக்குகள் குறைந்தன. கான்சஸின் இரண்டு செனட்டர்களும் எதிர்த்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே ஆண்டில் டோலோடு சேர்ந்து அந்த உடன்படிக்கையை வெளிப்படையாக ஆதரித்தவர்.

2014இல் செனட்டின் வெளியுறவுக் குழு அதை மீண்டும் நிறைவேற்றி அவைக்கு அனுப்பியது. வாக்கெடுப்பு நடக்கவில்லை. அமெரிக்கா இன்னும் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை.